பத்தே காலுக்கு அடித்த மணி

செவ்வாய்க்கிழமை. காலை பத்து அடித்துப் பதினான்கு நிமிடம். ஓடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு காலில் செருப்பில்லை. கையில் இரும்புக் கம்பி. ஆபீசுப் படியிலிருந்து மணிமரம் வரை அறுபது அடி இருக்கும். தினமும் நடக்கிற தூரம்தான். இன்று முடியவே மாட்டேன் என்கிறது.

டும். எதிர்க்கரையிலிருந்து. அதன் பின்னாலேயே காற்றில் இன்னொரு சத்தம். காலி எண்ணெய்ப் பீப்பாயை யாரோ கல்தரையில் உருட்டிக்கொண்டு வருவது போல. பிறகு சளப். சதுப்பில் சேறு எழும்பி விழுகிறது. இது இரண்டாவது குண்டு. முதலாவது விழுந்தபோது நாற்காலியில் இருந்தேன். எழுதிக்கொண்டிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை.

பத்தே கால். மணியை அடிக்கிறேன். மணி என்பது ஒரு தண்டவாளத் துண்டு. தூங்குமூஞ்சி மரத்தில் சங்கிலி கட்டித் தொங்கவிட்டது. டண். டண். டண். நிறுத்தாமல் அடிக்கிறேன். உள்ளங்கை எரிகிறது.

"ஓடுங்கோ! குன்றுக்கு அங்கால ஓடுங்கோ! நிக்காதேங்கோ!"

தொண்டை கிழியக் கத்துகிறேன். தண்டவாளச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ரப்பர் மரங்களுக்கு நடுவே ஆட்கள் தெரிகிறார்கள். ஓடுகிறார்கள். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நல்லது. காதில் விழுந்துவிட்டது.

குன்றுப் பக்கம் யாரும் போகவில்லை. எல்லோரும் என்னை நோக்கி ஓடிவருகிறார்கள்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தோட்டத்துக் கிராணி. ஆபீசில் உட்கார்ந்து ஆட்களின் பெயர் எழுதுகிறவன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். இங்கிலீஷ் படித்ததால் நாற்காலி கிடைத்தது. தோட்டம் ஜொகூரில், மாசாய்ப் பக்கம், ஜலசந்திக் கரையோரம். எதிரே சிங்கப்பூர்க் கரை தெரியும். என் பேச்சைக் கேட்டு லயத்துச் சனங்கள், வரிசைக் கூலி வீடுகளில் இருப்பவர்கள், சிரிப்பார்கள். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'வாங்கோ போங்கோ' என்று பெயர். முகத்துக்கு நேரே ஐயா.

யுத்தத்தைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். ஜப்பான்காரன் சைக்கிளில் வந்த நாளிலிருந்து தொடங்குகிறார்கள். எங்களுக்கு அதற்குச் சில வருடங்கள் முன்பே யுத்தம் வந்துவிட்டது. எதிரியே இல்லாத யுத்தம். முன்னறிவிப்பு இல்லாமல் வந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பொய். முன்னறிவிப்பு என் மேசையில் இருந்தது.

முதலில் ரப்பர் விலை விழுந்தது. முப்பதுகளின் தொடக்கம். உலகத்தில் எங்கோ கார் வாங்குகிறவர்கள் வாங்குவதை நிறுத்திக்கொண்டார்களாம். இங்கே பாதி மரங்களில் பால்வெட்டு நின்றது. கூலியைக் குறைத்தார்கள். பிறகு ஆட்களைக் குறைத்தார்கள். வேலையில்லாதவர்களைச் சர்க்கார் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பியது. எங்கள் தோட்டத்துக்கான கப்பல் பட்டியலை எழுதியவன் நான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் குயினைன் தீர்ந்தது. பள்ளிக்கூடக் கூரை ஒழுகியது. எதைக் கேட்டாலும் துரை, தோட்டத்து வெள்ளைக்கார மானேஜர், கையை விரித்தார். சர்க்காரிடமும் பணமில்லை என்றார்.

அந்த வருடங்களில்தான் எதிர்க்கரையில் பாரந்தூக்கிகள் எழுந்தன. கப்பல்படைக்குத் தளம். பீரங்கிக்கு மேடை. சிமெண்டு, இரும்பு, கருங்கல். படகு படகாகப் போனது. கல் உடைக்க வைக்கும் வெடி எங்கள் லயம் வரை கேட்கும்.

தண்டல் வீராசாமி ஒருநாள் கடலைப் பார்த்தபடி என்னிடம் கேட்டார். தண்டல் என்றால் ஆட்களை வேலை வாங்குகிறவர். அப்பாவி. ஆனால் வாயைத் திறந்தால் சுருக்கென்று கேட்பார்.

"ஏன் ஐயா, சர்க்காருக்கு ஒரு கையில பணம் இல்ல, இன்னொரு கையில இருக்குதா?"

"அது வேற கணக்கு, வீராசாமி."

"கணக்கு ரெண்டா இருக்கலாம் ஐயா. நம்ம வயிறு ஒண்ணுதான்லா."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பட்டியலில் அடுத்த பெயரை எழுதினேன்.

அங்கே சிமெண்டு மூட்டை தூக்கினால் எங்கள் கூலியைவிட அதிகம். ஆண்கள் சும்மா இருப்பார்களா? விடியற்காலைப் பெரட்டுக்கு வருவார்கள். பெரட்டு என்றால் காலையில் எல்லோரும் வரிசையில் நின்று பெயர் கொடுப்பது. பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. பெயர் கொடுத்துவிட்டுத் தங்கள் நிரையில் பாதி மரம் வெட்டுவார்கள். மீதியைப் பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டுச் சம்பான் படகில் ஏறி அக்கரைக்குப் போய்விடுவார்கள். துரைக்கு ஆத்திரம். கூலியை ஏற்றவும் மனமில்லை, ஆளை விடவும் மனமில்லை.

அப்போது ஒரு யோசனை சொன்னேன். இதை அழுத்திச் சொல்கிறேன். யோசனை என்னுடையது. காலையில் ஒரு பெரட்டு போதாது. நடுவில் எப்போதாவது, எதிர்பாராத நேரத்தில், மணி அடிக்க வேண்டும். அடித்தவுடன் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு ஆபீசுக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். வராதவர் பெயர் அடுத்த கப்பல் பட்டியலில் ஏறும்.

துரை என் தோளில் தட்டிக்கொடுத்தார். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் மாதத்திலேயே பலன் தெரிந்தது. மணி அடித்து நான் பேரேட்டை எடுத்து வருவதற்குள் வரிசை நின்றிருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் எதுவும் தோன்றுவதில்லை. அந்த இடத்தில் மரத்துப்போய்விட்டது.

செல்லாயி ஒரே ஒரு முறை தவறினாள். நெற்றியில் பெரிய பொட்டு வைத்து, தலையில் துண்டு கட்டி, மூன்றாவது நிரையில் வெட்டுகிறவள். அன்று அவள் மகள் பவளத்துக்குக் காய்ச்சல். இரண்டு வயதுப் பிள்ளை. பிள்ளைகளைப் பார்க்கும் ஆயக்கொட்டகைக்கு ஓடியிருந்தாள். மணி கேட்டுத் திரும்பி வருவதற்குள் நான் பேரேட்டை மூடிவிட்டேன். பெயரைப் பட்டியலில் எழுதினேன்.

மறுநாள் ஆபீசு வாசலில் வந்து நின்றாள். அவள் புருசன் மாரிமுத்து ஏற்கெனவே தோட்டத்தை விட்டுவிட்டு அக்கரையில் தங்கி வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். இவளைக் கப்பலேற்றினால் குடும்பம் இரண்டாகப் போகும்.

"ஊர்ல எங்களுக்குன்னு ஒரு குழி நெலம் கூட இல்ல ஐயா. போனா பிச்சைதான். இந்த ஒரு வாட்டி விட்டுருங்க. இனிமே மணி அடிச்சா செத்த பொணமா இருந்தாலும் வந்து நிப்பேன்."

மனம் இளகியது. நானும் பிள்ளை குட்டிக்காரன். பட்டியலில் அவள் பெயரை அடித்து நீக்கினேன். "இன்னொருக்காத் தவறினால் நான் ஒண்டும் செய்ய ஏலாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதற்குப் பிறகு வரிசையில் முதலாவதாக நிற்பவள் அவள்தான்.

பிறகு ரப்பர் விலை எழுந்தது. எப்படி எழுந்தது? பத்திரிகையில் வாசித்தேன். பெரிய நாடுகள் எல்லாம் ஆயுதம் செய்கின்றன. பட்டாளத்து லாரிக்கு டயர் வேண்டும். நிறுத்திவைத்த மரங்களில் மறுபடி கத்தி வைத்தோம். கூலி கொஞ்சம் ஏறியது. கப்பல் பட்டியல் நின்றது. பீரங்கி செய்கிறவர்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டார்கள். இதை மறைத்து எழுதினால் நான் சாட்சி இல்லை. துரை முகத்தில் சிரிப்பு வந்தது. பங்களாவுக்குப் புதுச் சாயம் வந்தது. பள்ளிக்கூடக் கூரை அப்போதும் ஒழுகியது.

பட்டியல் நின்றதை நான் சனங்களுக்குச் சொல்லவில்லை. பயம் இருந்தால்தான் வரிசை நிற்கும் என்று துரை சொன்னார். எனக்கும் அது சரியாகப் பட்டது.

ஒரு சனிக்கிழமை அக்கரைப் பட்டாளத்திலிருந்து அந்த முன்னறிவிப்புக் காகிதம் வந்தது. இங்கிலீஷில் தட்டச்சு செய்தது. வரும் வாரத்தில் பீரங்கிப் பயிற்சி. ஒரு படகு இலக்கைத் தண்ணீரில் இழுத்துப் போகும். அதை நோக்கிச் சுடுவார்கள். குண்டு தண்ணீரில் பட்டுத் தவ்வி இந்தக் கரைக்கு வர வாய்ப்பு குறைவு. அப்படி வந்தால் மணி அடித்து ஆட்களைக் குன்றுக்குப் பின்னால் அனுப்பவும்.

துரையிடம் கொடுத்தேன். பார்த்தார். விலை ஏறியிருக்கிற நேரத்தில் ஒரு நாள் வெட்டைக்கூட விட முடியாது என்றார். சனங்களிடம் வீணாகச் சொல்லிக் கலவரப்படுத்தாதே, கதவில் ஒட்டிவிடு என்றார். ஒட்டினேன். நான்கு மூலையிலும் பசை தடவி நேராக ஒட்டினேன். இங்கிலீஷ் எழுத்து. தோட்டத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். துரை ஒருவர். செவ்வாய்க்கிழமை காலை அவர் ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டார்.

ஆகவே செவ்வாய்க்கிழமை. பத்தே கால். மணியை நான் அடிக்கிறேன். காகிதத்தில் சொன்னபடி.

எல்லோரும் ஓடிவருகிறார்கள்.

காலடிச் சத்தம். வாளிப் பிடி கிறீச்சிடும் சத்தம். வீராசாமி இரண்டு கையையும் வீசிக்கொண்டு வருகிறார்.

"வரிசை! வரிசை! பொம்பளைங்க முன்னால! சீக்கிரம் வாங்க!"

அவருக்கும் குண்டுச் சத்தம் கேட்டிருக்கும். எல்லோருக்கும் கேட்டிருக்கும். அக்கரையில் வருடக்கணக்காகக் கல் வெடிக்கிறது. சத்தம் பழகிப்போன காதுகள். இன்னும் பயமுறுத்துவது மணி ஒன்றுதான்.

புரிகிறது. கம்பியைக் கீழே போடுகிறேன். அடிப்பதை நிறுத்தினால் கலைந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். அதுவும் தப்பு. மணி நின்றால் கிராணி பேரேட்டோடு வரப்போகிறார் என்று அர்த்தம். எல்லோரும் நிமிர்ந்து நிற்கிறார்கள். சிலர் தலைத்துண்டைச் சரிசெய்கிறார்கள்.

"இது பெரட்டு இல்லை! ஓடுங்கோ! குண்டு! குண்டு வருது!"

ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பின்வரிசையில் ஒருத்தி சிரிக்கிறாள். இரண்டு பேர் குன்றுப் பக்கம் திரும்புகிறார்கள். வீராசாமி அவர்களை அதட்டுகிறார்.

"பேர் குடுக்காம எங்க போறீங்க? கப்பலுக்கா?"

டும்.

என் கால் ஓடியது. நான் ஓட வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆபீசுக்குப் பக்கவாட்டில் மழைத்தண்ணீர் போகிற கால்வாய். இடுப்பளவு ஆழம். அதற்குள் கிடக்கிறேன். வாயில் சேறு. தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். அவர்கள் நிற்கிறார்கள். முதல் ஆளாகச் செல்லாயி. ஓடிவந்ததில் அவள் வாளிப்பால் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. என்னைக் கால்வாயில் பார்த்துவிட்டாள். நான் அவளைப் பார்க்கவில்லை என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. கையைத் தூக்கினாள்.

"ஐயா! நான் இருக்கேன்யா! செல்லாயி! பேர் போட்டுக்குங்க!"

பீப்பாய் உருளும் சத்தம். மிகப் பக்கத்தில்.

வெடிக்கவில்லை. பயிற்சிக் குண்டு, உள்ளே மருந்து கிடையாது என்று பிறகு விளக்கினார்கள். உண்மைதான். வெடிக்கவில்லை. வெறும் இரும்பு. செம்மண்ணில் ஒரு முறை பட்டது. எழுந்தது. முன்வரிசைக்குள் புகுந்து போய்ப் பால் ஸ்டோர் சுவரில் நின்றது. ஒரு பெரிய மூட்டையை வண்டியிலிருந்து கீழே தள்ளுகிற சத்தம். அவ்வளவுதான் கேட்டது. பத்து மணி பத்தொன்பது நிமிடம். ஆபீசுக் கடிகாரத்தைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.

வாளிகள் கவிழ்ந்து பால் ஓடியது. மற்றதை எழுத மாட்டேன்.

ஒன்றை மட்டும் எழுதுகிறேன். மீதிப் பேர் உடனே ஓடவில்லை. வரிசை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. நடுவில் ஆள் இல்லாத இடத்தை விட்டுவிட்டு நின்றது. ஒரு கிழவர் கையில் வாளியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். பிறகுதான் ஒருத்தி அலறினாள். பிறகுதான் ஓடினார்கள்.

நான்காவது குண்டு மரங்களுக்குள் விழுந்தது. பத்து நாற்பதுக்கு எல்லாம் அடங்கியது. தவளை கத்தியது. ஆயக்கொட்டகையில் பிள்ளைகள் அழுவது கேட்டது. பவளம் அழவில்லை, தூங்கிக்கொண்டிருந்தாள் என்று ஆயா சொன்னாள்.

மாலை நான்கு மணிக்கு மாரிமுத்து சம்பானில் வந்து இறங்கினான். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தலைமுடி, புருவம், கண்ணிமை எல்லாம் சிமெண்டுத் தூசி. பால் ஸ்டோரில் கிடத்தியிருந்தோம். சாக்கை விலக்கிப் பார்த்தான். மறுபடி மூடினான். சுவரில் பதிந்திருந்த இரும்பைத் தொட்டுப் பார்த்தான்.

"அந்தப் பீரங்கி மேடைக்கு நானும் மூட்டை தூக்கியிருக்கேன் ஐயா."

சாக்கின் ஓரத்தை இழுத்து நேராக்கினேன்.

"அவளுக்கு இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?"

"விழுந்தது" என்றேன்.

"அப்ப சரி."

அவன் அழவில்லை. நானும் அழவில்லை. அவன் போன பிறகு ஆபீசுக்குப் போனேன். பேரேட்டைத் திறந்து அவள் பெயருக்கு நேரே, வந்தாள் என்பதற்கான கோடு போட்டேன். அவனிடம் சொன்னபோது போட்டிருக்கவில்லை.

புதன்கிழமை விடியற்காலை மணி அடித்தேன். துரை உத்தரவு. விலை ஏறியிருக்கிறது. யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். வர வேண்டாம் என்று உள்ளுக்குள் வேண்டினேன். எல்லோரும் வந்தார்கள். ஒருவர்கூடத் தாமதமில்லை. குண்டு கிழித்த பள்ளத்துக்கு இந்தப் பக்கம் பாதி வரிசை, அந்தப் பக்கம் பாதி வரிசை.

வியாழக்கிழமை இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மணி அடித்தாயா? அடித்தேன். காகிதம் ஒட்டினாயா? ஒட்டினேன். கதவில் அது இன்னும் நேராக இருந்தது. எழுதிக்கொண்டார்கள். துரை அவர்களுக்குத் தேநீர் கொடுத்தார். போகும்போது ஒருவர் எனக்குக் கை கொடுத்தார். நீ உன் கடமையைச் செய்தாய் என்றார். அடுத்த வாரம் மறுபடி சுட்டார்கள். ஒன்றும் இந்தப் பக்கம் வரவில்லை.

பள்ளத்தைச் செம்மண் போட்டு மூடினோம். ஸ்டோர்ச் சுவருக்குப் புதிதாகச் சிமெண்டு பூசினார்கள். கேட்டவுடன் அக்கரையிலிருந்து இலவசமாகக் கிடைத்தது.

பிறகு நிஜமான யுத்தம் வந்தது. அந்தப் பீரங்கிகள் இருந்தும் நாடு விழுந்தது. அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான்.

செத்தவர்கள் நான்கு பேர். செல்லாயி. பொன்னம்மா. பொன்னம்மாவின் தங்கை குப்பாயி. வரிசையைச் சரிசெய்து நின்ற தண்டல் வீராசாமி.

வலது கை போனவர் ஒருவர். முனியன். கத்தி பிடிக்கிற கை. ஆறு மாதம் கழித்துக் கப்பலேற்றினார்கள். பட்டியலில் அவர் பெயரை எழுதியவன் நான்.

தானாகக் கேட்டுக் கப்பலேறியவர்கள் இரண்டு பேர். மாரிமுத்துவும் பவளமும். எந்த ஊருக்கு என்று கேட்டேன். "எறங்கின எடத்துல பாத்துக்கலாம்" என்றான். பிள்ளை அவன் தோளில் இருந்தபடி என் பேனாவுக்குக் கை நீட்டியது. கொடுத்தேன்.

வெட்டிக்கொண்டிருந்த மரம், ஏழு. பால் வாளி, ஒன்பது. ஒரு ஆடு. ஸ்டோரில் ஒரு சுவர்.

அன்றைய பேரேடு வெகுநாள் என்னிடம் இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் அடுப்புக்குப் போனது. அதில் என்ன இருந்தது என்று எனக்கு மனப்பாடம். செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பெரட்டு. எல்லாப் பெயருக்கும் நேரே கோடு. ஒரு பெயர் விடுபடவில்லை. கிராணிக்குப் பெரட்டு கிடையாது என்பதால் என் பெயருக்கு அதில் இடமில்லை. ஆகவே இங்கே எழுதிவைக்கிறேன்.

வந்தவர்கள், எல்லோரும். வராதவர், ஒருவர். கால்வாயில் கிடந்தார்.